முதலில் பறிபோகும் கதிரை

நெற்பயிர் மஞ்சளித்தால் நாம் பயிரைக் கோபிப்பதில்லை. வயலில் இறங்கிப் பார்க்கிறோம். தண்ணீர் தேங்கிவிட்டதா, பசளை போதாதா, வேரில் நோயா என்று ஆராய்கிறோம். ஆனால் ஒரு பிள்ளை வகுப்பில் தூங்கினால், கணக்கில் பின்தங்கினால், அடிக்கடி பாடசாலைக்கு வராது நின்றால், "படிப்பில் விருப்பமில்லாத பிள்ளை" என்று பெயர் வைத்துவிடுகிறோம். அந்தப் பிள்ளையின் வேரைப் பார்ப்பதற்கென்று பாடசாலையில் இருக்க வேண்டியவரே ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர்.

1990 இல் வலிகாமம் வடக்கையும், 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதையும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னிக் கிராமங்களையும் விட்டு நடந்தவர்கள் நாம். இன்று பாடசாலை செல்லும் எமது பிள்ளைகள் 2009 மே மாதத்தில் முடிந்த போரைக் கண்டவர்கள் அல்லர். ஆயினும் அப்போரைக் கண்டவர்களின் வீடுகளிலேயே வளர்கிறார்கள். காணாமற்போனவரின் படம், தீராத கடன், வெளிநாட்டில் வேலை செய்யும் தாய், மாலையானால் குடிக்கும் தகப்பன் என எல்லாம் புத்தகப் பையோடு வகுப்பறைக்குள் வருகின்றன. 2020 இல் கொரோனாவினாலும், 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டினாலும் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்தச் சுமை இன்னும் கூடியது.

கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 வீதம் வரை செலவிட வேண்டும் என 2015 இல் உலக நாடுகள் உடன்பட்டன. எமது நாடோ பல ஆண்டுகளாக ஏறத்தாழ 2 வீதத்திலேயே நின்றது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசு அறிவித்த பின் சிக்கனம் என்ற சொல் எங்கும் ஒலித்தது. சிக்கனம் வரும்போது ஆலோசனை ஆசிரியரை எவரும் பகிரங்கமாக நீக்குவதில்லை. ஓய்வு பெற்றவரின் இடம் நிரப்பப்படாது விடப்படும். இருப்பவருக்கு வேறு பாடவேளைகள் சுமத்தப்படும். அவரது அறை களஞ்சியமாகும். பரீட்சைப் பெறுபேற்றில் இந்த இழப்பு உடனே தெரியாது. ஆகவே கேட்பாரும் இல்லை.

"கணித, விஞ்ஞான ஆசிரியர்களே போதாதிருக்க இது எதற்கு?" என்று சிலர் கேட்பர். அவர்கள் சொல்லும் குறை உண்மையே. ஆனால் இரவெல்லாம் உறங்காத பிள்ளையின் காதில் எந்தக் கணித பாடம் ஏறும்? இடைவிலகிய பிள்ளைக்காக அதுவரை செலவிட்ட பணமும் வீணன்றோ? ஆலோசனை ஆசிரியர் எல்லாவற்றையும் தீர்த்துவிடமாட்டார். ஆனால் பிள்ளை சொல்வதை அவர் கேட்பார். தேவையானால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ, பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு அலுவலரிடமோ வழிகாட்டுவார். அவர் இல்லாவிட்டால் அந்த வழி பிள்ளைக்குத் தெரியாமலே போகும்.

ஆகவே அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேட்போம். எமது பாடசாலையில் பயிற்சி பெற்ற ஆலோசனை ஆசிரியர் இருக்கிறாரா? வாரத்தில் எத்தனை பாடவேளை அப்பணிக்கென ஒதுக்கப்பட்டுள்ளது? பிள்ளை தனித்திருந்து பேச ஓர் இடம் உண்டா? சிறிய பாடசாலையாயின், அயற் பாடசாலைகளோடு சேர்ந்து ஒருவரைப் பகிர்ந்து தருமாறு வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதுவோம். கேள்வியும் பதிலும் கூட்டக் குறிப்பில் பதியப்படட்டும்.

காணியை இழந்தோம், கிணற்றை இழந்தோம். எது இல்லாவிட்டாலும் பிள்ளை படிக்கட்டும் என்றே இத்தனை காலமும் தாங்கினோம். அந்தப் பிள்ளை மனம் விட்டுப் பேச ஒரு கதிரை கேட்பது பேராசையன்று.