பெல்லை விட எனக்கு அந்த லீயைத்தான் பிடித்தது



கொஞ்சம் நீளமான பதிவு. லீவு நாள்தானே, தேத்தண்ணியோடு வாசியுங்கள்.

எனக்கு ஸ்டார் ட்ரெக் பைத்தியம் பிடித்தது கல்வியியற் கல்லூரி விடுதியில். கூட்டாளி ஒருவன் பென் டிரைவில் கொண்டுவந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடர்தான் ஆரம்பம். அதன் மூன்றாவது சீசனில், 1995 ஜனவரியில் ஒளிபரப்பான 'பாஸ்ட் டென்ஸ்' என்ற இரண்டு பாகக் கதையை இந்த வாரம் மறுபடி பார்த்தேன். எத்தனையாவது தடவை என்று கேட்க வேண்டாம், வீட்டில் ஏற்கனவே கேட்டுவிட்டார்கள்.

கதை இதுதான். எதிர்காலத்திலிருந்து வரும் சிஸ்கோ, டொக்டர் பஷீர், டக்ஸ் மூவரும் ஒரு விபத்தால் 2024ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் வந்து விழுகிறார்கள். அங்கே வேலையில்லாதவர்களையும் வீடில்லாதவர்களையும் மதிலுக்குள் அடைத்து வைத்திருக்கிறது அரசாங்கம். அவர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. அந்த இடத்துக்கு 'சரணாலயம்' என்று அழகான பெயர் வேறு!

மூன்று பேரிடமும் அடையாள அட்டை இல்லை. வெள்ளைக்காரப் பெண்ணாகத் தெரியும் டக்ஸை ஒரு பணக்காரர் கண்டெடுத்து உதவுகிறார், புது அட்டையும் கிடைக்கிறது. கறுப்பரான சிஸ்கோவையும் மாநிறமான பஷீரையும் துப்பாக்கியோடு வரும் காவலர்கள் கண்டெடுக்கிறார்கள், மதிலுக்குள் தள்ளப்படுகிறார்கள். இதைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்வதில்லை. காட்டிவிட்டுப் போகிறார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. (பஷீராக நடித்தவர் சூடானில் பிறந்த சித்தீக் அல் ஃபாதில் என்பது எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.)

அந்த மக்களுக்காக உயிரைக் கொடுத்து வரலாற்றையே மாற்ற வேண்டியவர் கேப்ரியல் பெல். அவர் முதல் பாகத்திலேயே, இவர்களைக் காப்பாற்றப்போய் இறந்துவிடுகிறார். வரலாறு கலைந்துவிடாமல் இருக்க சிஸ்கோ அவருடைய பெயரை எடுத்துக்கொள்கிறார். ரசிகர்கள் எல்லோரும் கொண்டாடுவது இந்த இடத்தைத்தான். நானும் கொண்டாடியவன்தான்.

ஆனால் இந்தத் தடவை என் மனதில் நின்றவள் லீ. வருகிறவர்களைப் பதிவு செய்து உள்ளே அனுப்பும் சாதாரண கிளாக்கர். குழந்தையைப் பராமரிக்க வழியில்லாமல் விட்டுவிட்டு வந்த ஒரு தாய்க்கு இரங்கி, அவளைப் பதியாமல் உள்ளே விட்டிருக்கிறாள். அது தெரியவந்து வேலையே போகப் பார்த்தது. அதன் பிறகு தன் வேலை உண்டு தான் உண்டு என்று இருந்துவிட்டாள். இந்த நிலைமைக்கு நீ காரணமில்லை என்று பஷீர் ஆறுதல் சொல்கிறான். எல்லோரும் அப்படித்தான் தங்களுக்குச் சொல்லிக்கொள்கிறார்கள், அதனால்தான் ஒன்றும் மாறவில்லை என்ற கருத்தில் அவள் பதில் சொல்கிறாள்.

அங்கே படத்தை நிறுத்திவிட்டேன்.

சில வருஷங்களுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பையனுக்குத் தொழிற்பயிற்சி நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. லயத்துக்குத் தனி முகவரி ஏது? கடிதம் தோட்ட ஆபீஸுக்குப் போனது, அங்கேயே கிடந்தது. அவன் கைக்கு வரும்போது நேர்முகத் தேர்வு முடிந்து நான்கு நாள். விண்ணப்பத்தில் முகவரியை எழுதிக் கொடுத்தவன் நான். "என்ன செய்ய மகன், நம்ம கையில் என்ன இருக்கு" என்று சொன்னவனும் நான்தான். அவன் இப்போது கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான்.

இந்தக் கதையில் எனக்கு ஒரு குறையும் உண்டு. மதிலுக்குள் இருப்பவர்களை வழிநடத்த எதிர்காலத்திலிருந்து ஒரு தளபதி வரவேண்டியிருக்கிறது. நம் மலையகத்தில் யாரும் வானத்திலிருந்து வரவில்லை. 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடியவர்கள் இந்த மக்களே. 2023இல், வந்து 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்ததும் அவர்களேதான். ஆனாலும் கதை ஒன்றைச் சரியாகச் சொல்கிறது. கடைசியில் நிலைமையை மாற்றுவது துப்பாக்கி அல்ல. உள்ளே இருப்பவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரையும் கதையையும் வெளி உலகத்துக்குச் சொல்ல ஒரு இணைப்புக் கிடைக்கிறது, அதுதான்.

அந்த 2024 வந்தும் போய்விட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் இன்னும் இருக்கின்றன. அதை மாற்றும் அதிகாரம் என்னிடம் இல்லை. முகவரி எழுதும் பேனா மட்டும் இருக்கிறது.

அதனால் சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். லயத்துக்கு முகவரி கிடைக்கும் வரை, பிள்ளைகளின் விண்ணப்பங்களில் அதிபரின் அனுமதியோடு பாடசாலை முகவரியை எழுதுவோம். பிள்ளை பாடசாலையை விட்டுப் போன பிறகும்தான். வரும் கடிதத்தை ஒரு கொப்பியில் பதிந்து, அன்றைக்கே தங்கையிடமோ பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ கொடுத்தனுப்புவோம். என் வகுப்பில் கொப்பி தயார்.

லீ செய்த அளவுக்குத் துணிச்சல்கூட இதற்குத் தேவையில்லை. யாருடைய வேலையும் போகாது.

நாடகத்தைப் பார்த்தவர்கள் கொமெண்டில் சொல்லுங்கள். பார்க்காதவர்கள் இரண்டு பாகத்தையும் ஒரே மூச்சில் பாருங்கள். முதல் பாகத்தோடு நிறுத்தினால் இரவு தூக்கம் வராது, அதற்கு நான் பொறுப்பில்லை.