நீல ஜாகர்

"இது நீல ஜாகர், அம்மா! வெயிலிலே பிடித்துப் பாருங்கள்" என்கிறார் வைர வியாபாரி. இடுக்கியின் நுனியிலே கல் மின்னுகிறது. தாய் கல்லைப் பார்க்கிறாள். தந்தையோ மடியைத் தடவிப் பார்க்கிறார். நிலம் விற்ற பணமல்லவா அங்கே இருக்கிறது! ஏழுகல் தோடும் எட்டுக்கல் பேசரியும் என்று மாப்பிள்ளை வீட்டார் பேசி முடித்துவிட்டனர். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. சட்டம் வாசலிலே நிற்கிறது, தோடு மட்டும் உள்ளே போகிறது.

தோழனே! நாளை உன் வீட்டிலும் இந்தப் பேச்சு எழக்கூடும். ஆகவே அந்த ஜாகர் எது என்று கேட்டு வை.

தென்னாப்பிரிக்காவிலே ஜாகர்ஸ்பொன்டைன் என்றோர் ஊர். 1870-இல் அங்கே வைரம் கண்டனர். அங்கிருந்து வந்த கற்களிற் சில நீலச் சாயல் காட்டின. ஊர்ப் பெயரே கல்லின் பெயராயிற்று. 1893-இல் 995 கேரட் எடையுள்ள 'எக்ஸெல்சியர்' அங்கே கிடைத்தது. மண்ணை வாரிய ஆப்பிரிக்கத் தொழிலாளி ஒருவர் கண்டெடுத்துக் கொடுத்தார். அவருக்குக் கிடைத்தவை ஒரு குதிரை, ஒரு சேணம், கொஞ்சம் பணம்! அதே நாட்டிலே கிம்பர்லியில், 1885 முதல் கறுப்புத் தொழிலாளரை வேலியிட்ட கொட்டடிகளில் அடைத்தனர். ஒப்பந்தம் முடிந்து வீடு திரும்பு முன்பும், கல்லை விழுங்கியிருப்பரோ என்று நாட்கணக்கில் காவல் வைத்தனர். காதிலே மின்னும் கல்லுக்கு அப்படியும் ஒரு கதை உண்டு.

ஜாகர்ஸ்பொன்டைன் சுரங்கம் 1971-இல் மூடப்பட்டது. 2022 செப்டம்பரில் அதன் கழிவு அணை உடைந்து, சேறு வீடுகளை வாரிச் சென்றது. மூடி அரை நூற்றாண்டாயிற்று; நம் கடைத்தெருவிலோ இன்னும் ஜாகர் விளைந்துகொண்டே இருக்கிறது!

அப்படியானால் அந்த நீலம் பொய்யா? பொய்யல்ல. புற ஊதாக் கதிர் பட்டதும் நீலமாக ஒளிரும் தன்மை சில வைரங்களுக்கு உண்டு. அக்கதிர் வெயிலிலே இருக்கிறது. எந்தச் சுரங்கத்துக் கல்லும் அப்படி ஒளிரலாம். சற்றே மஞ்சள் பாய்ந்த கல்லையும் அந்த நீலம் வெள்ளைபோலக் காட்டிவிடும். வெயிலுக்கு அழைக்கும் அன்பின் உட்பொருள் விளங்குகிறதா? நீ நிழலிலே நில். வெள்ளைத் தாளை மடித்து, கல்லை அதிலே கவிழ்த்துப் போட்டுப் பக்கவாட்டில் பார். நிறம் அங்கே தெரியும்.

கட்டிய நகையாக வாங்காமல், கல்லைத் தனியாக வாங்குவது நல்ல வழக்கமே. பொன்னிலே பதித்துப் பின்புறம் மூடிவிட்டால் எடையும் தெரியாது, ஓரத்து முறிவும் தெரியாது. எடை என்றதும் கவனம் வேண்டும்! ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம். அதிலே நூறு சென்ட். ஏழுகல் தோட்டுக்கு இரு காதுக்குமாகப் பதினான்கு கற்கள். மொத்தம் ஒரு கேரட் என்றால் கல்லொன்று ஏறத்தாழ ஏழு சென்ட். ஒற்றைக் கல்லாக ஒரு கேரட் இருந்தால் அதன் விலை வேறு, பொடிக் கற்கள் பதினான்கின் விலை வேறு. முன்னது பன்மடங்கு அதிகம். பெரிய கல்லின் விலையைச் சொல்லிச் சிறிய கற்களைத் தலையிலே கட்டுவோர் உண்டு.

அடுத்து வருகிறது தோஷம். கரும்புள்ளி குடும்பத்துக்கு ஆகாதாம், காக்கைப் பாதம் கணவனுக்கு ஆகாதாம்! புள்ளி என்பது கல்லுக்குள் சிக்கிய வேறொரு துகள், அல்லது உள்விரிசல். அதனால் விலை குறையலாம், ஆயுள் குறையாது. "மூன்று நாள் வீட்டிலே வைத்துப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொடுங்கள்" என்பார்கள். மறுக்காதே! நன்றி கூறி வாங்கிக்கொள். தலையணைக்கு அடியிலே வைத்துக் கனவு காணாமல், அந்த மூன்று நாளில் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் செல். பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடிக்குக் கணவனும் தெரியாது, மாமியாரும் தெரியாது. சற்றே பெரிய கல்லானால் சான்றிதழ் எண்ணைக் கல்லின் விளிம்பிலேயே லேசர் ஒளியால் பொறித்திருப்பர். இரண்டும் ஒன்றுதானா என்று பார்.

"வைரம் சேமிப்பு" என்பார்கள். பொன்னுக்கு அன்றாட விலை நாளேட்டிலே வருகிறது, வைரத்துக்கு வருகிறதா? விற்றவரிடமே திரும்பக் கொண்டு போனால் என்ன தருவார் என்பதை வாங்கும் அன்றே ரசீதில் எழுதி வாங்கு. எழுத மறுத்தால் எழுந்து வா.

இன்னொரு வழியும் உண்டு. 1954-இல் அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் வைரம் ஆக்கிக் காட்டினர். நம் சென்னை ஐ.ஐ.டி.யிலும் அதற்கென ஓர் ஆய்வு மையம் அமைக்க 2023-இல் இந்திய அரசு பணம் ஒதுக்கிற்று. அதுவும் கரிதான், அதே கடினந்தான், விலையோ பல மடங்கு மலிவு. மறுவிற்பனை என்று போனால் இன்னும் குறைவாகவே கேட்பார்கள். ஆகவே காதுக்கென்று வாங்கு, பெட்டிக்கென்று வாங்காதே. "செயற்கைக் கல்லா? எங்கள் கௌரவம் என்னாவது?" என்று சீறுவார் சம்பந்தி. இரண்டு கற்களையும் அவர் கையிலே கொடு. கருவி ஏதுமின்றிப் பிரித்துக் காட்டட்டும்.