திரைக்குப் பின்னால் நிற்பவன் தொழிலாளி இல்லையா?

2025 நவம்பர் 21-ஆம் நாள், டில்லிச் சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நாட்டிலே நடமாட விட்டது. 29 சட்டங்கள் இருந்தனவாம், பழையனவாம், பாரமாம், அவற்றை நாலே நாலாகச் சுருக்கிவிட்டார்களாம்! சுருக்கியதைச் சொன்னார்கள், சுருக்கும்போது எவன் கழுத்து இறுகியது என்பதைச் சொன்னார்களில்லை. ஆலைத் தொழிலாளியின் கழுத்தைப் பற்றித் தொழிற்சங்கத் தோழர்கள் மேடைதோறும் முழங்கி வருகிறார்கள். நாம் இன்று பேச எடுத்துக்கொள்வது, அந்த மேடையைக் கட்டுகிறவனைப் பற்றி.

1981-இல் சினிமாத் தொழிலாளருக்கென்று ஒரு சட்டம் வந்தது. அது இப்போது புதிய தொகுப்புக்குள்ளே கரைக்கப்பட்டு, 'ஒலி-ஒளித் தொழிலாளர்' என்ற புதுப்பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. சினிமா உண்டு, தொலைக்காட்சித் தொடர் உண்டு, இணையத் தொடர் உண்டு, கார்ட்டூன் உண்டு, விளம்பரப் படம்கூட உண்டு. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் தோழர்களே, அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்துப் பாருங்கள். நாடக மேடை இல்லை! படப்பிடிப்பிலே விளக்குப் பிடித்தால் அவன் சட்டத்தில் ஏறிய தொழிலாளி. அதே ஆள், அதே விளக்கை, ஊர்ப் பொட்டலிலே வள்ளி திருமணத்துக்குப் பிடித்தால் அவனுக்கென்று ஒரு வரி கிடையாது.

"நாடகம்தான் செத்துவிட்டதே, செத்ததற்குச் சட்டம் எதற்கு?" என்று நகரத்துக் கனவான்கள் கேட்பார்கள். அவர்கள் பங்குனி, சித்திரையிலே மதுரைப் பக்கமோ புதுக்கோட்டைப் பக்கமோ போனதில்லை போலும். திருவிழாக் காலத்தில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கிறது நாடகம். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், பபூன் மூன்றாவது ஊரிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. மேடையிலேதான் சந்திப்பு! அப்படியும் நாடகம் நடக்கிறதென்றால், நடத்தி வைக்கும் கை ஒன்று இருக்கவேண்டும் அல்லவா?

அந்தக் கைதான் நாடக ஏஜெண்ட். ஊர்ப் பெரியவர்கள் வந்து நாள் சொல்வார்கள். அவர் டைரியைப் புரட்டி, ஆள் பிடித்து, முன்பணம் கொடுத்து, நோட்டீஸ் அடித்து, ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு என்று ஒவ்வொருவரையும் ஒரே இரவில் ஒரே ஊரில் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். மழை கொட்டி நாடகம் நின்றால், நடிகருக்கும் ஊராருக்கும் நடுவே நின்று இரண்டு பக்கத்து ஏச்சையும் வாங்கிக்கொள்பவர் அவரே. அவருக்கும் பின்னால் சீன் கம்பெனிக்காரர். காட்டுப் படுதா, தெருப் படுதா, தர்பார் படுதா, விளக்கு, ஒலிபெருக்கி அத்தனையும் வண்டியில் ஏற்றிவந்து, சாயந்திரத்துக்குள் கட்டி, விடிந்ததும் அவிழ்த்து, அடுத்த ஊருக்கு ஓடுகிறது அந்தக் கூட்டம். நோட்டீசிலே நடிகர்களின் படம் இருக்கும். படுதா இழுத்தவன் பெயரை யார் போடப்போகிறார்கள்!

இங்கேதான் சட்டத்தின் சங்கடம். கம்பத்திலே ஏறியவன் மின்சாரம் தாக்கி விழுந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நட்டஈடு கேட்டுப் போனால் முதற் கேள்வி, "உனக்கு வேலை கொடுத்தவர் யார்?" ஊர்க் கமிட்டியா? அது திருவிழா முடிந்ததும் கலைந்துவிடும். ஏஜெண்டா? "நான் ஆள் சேர்த்துக் கொடுத்தவன், அவ்வளவுதான்" என்பார், பொய்யுமல்ல. சீன் கம்பெனிக்காரரா? அவரே வாரத்துக்கு வாரம் கடனில் வண்டி ஓட்டுகிறவர். ஒரே இரவுக்கு முதலாளி, விடிந்தால் முதலாளி இல்லை!

ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய டில்லிச் சட்டம் முன்பு 20 பேர் இருந்தால் பொருந்தும் என்றது. புதிய தொகுப்பு அதை 50 ஆக்கிவிட்டது. ராஜபார்ட்டிலிருந்து மூங்கில் தூக்குகிறவன் வரை எண்ணினாலும் ஒரு நாடகத்துக்கு 50 பேர் தேறுவார்களா? "அமைப்புசாராத் தொழிலாளி என்று பொதுவாகப் பதிந்துகொள்ளேன்" என்பார்கள். பதியலாம். கோடிப் பேரோடு கோடியாக ஒரு எண் கிடைக்கும். கம்பத்திலிருந்து விழுந்தவனுக்குப் பொறுப்பாளி யார் என்பதற்கு அந்த எண் விடை சொல்லுமா?

நமக்கு இதிலே தனி அக்கறை உண்டு, மறைக்கவில்லை. நம் இயக்கம் நாடக மேடையில் வளர்ந்த இயக்கம். அண்ணாவின் சந்திரோதயமும் ஓர் இரவும் வேலைக்காரியும் ஊர் ஊராகப் போனபோது, வசனத்தைக் கேட்டுக் கைதட்டியவர்கள் ஆயிரம். பெஞ்சு சுமந்து, வால்போஸ்டர் ஒட்டி, டிக்கட் கிழித்து, விடியற்காலையில் கணக்குப் பார்த்தவர்கள் கழகத் தோழர்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் என்றதும் சண்முகத்தின் ஒளவையார் வேடம் நினைவுக்கு வருகிறது. அண்ணன் டி.கே.சங்கரன் நிர்வாகத்தைச் சுமந்ததை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? எம்.ஆர்.ராதாவின் நாடகங்களைக் கண்டு கலங்கியவர்கள் 1954-இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தார்களே, அதற்குப் பிறகு கதைப் பிரதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போலீஸ் வாசலில் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது, நாடகக்குழு நிர்வாகிகள். அந்தச் சட்டத்தின் கொடுக்கை உயர்நீதிமன்றம் பிடுங்கியது 2013-இல்தான்!

2020-லே கொரோனா ஊரடங்கு வந்தது சரியாகப் பங்குனியில். அடுத்த ஆண்டும் அப்படியே. சம்பாதிக்கும் காலம் இரண்டு முறை பறிபோனது. நடிகருக்காவது பெயர் இருந்தது, சங்கம் இருந்தது, பத்திரிகையில் படம் வந்தது. சீன் கட்டுகிறவன் எந்தப் பட்டியலில் வரிசை நிற்பான்?

டில்லியைத் திட்டிவிட்டு நாம் தூங்கப் போகக்கூடாது. கலைஞர் ஆட்சியில் 2007-இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் இங்கே இருக்கிறது. அதன் பெயரிலே 'கலைஞர்கள்' என்றிருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் படுதாக்காரனும் விளக்குக்காரனும் ஒப்பனைக்காரனும் ஏஜெண்டும் அடக்கம் என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதிவைக்கட்டும். அல்லது 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது; அதன் அட்டவணையில் தொழில்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து வந்திருக்கின்றன, 'நாடக மேடை வேலை' என்று இன்னொன்று சேரட்டும். எந்தக் கதவு என்பதிலே நமக்குப் பிடிவாதமில்லை. விபத்து நடந்தால் வாரியமே பொறுப்பேற்கும், முதலாளி யாரென்று தேடி அலையவேண்டியதில்லை என்ற நிலை வந்தால் போதும்.

தென்மாவட்டத் தோழர்களுக்கு ஒரு வேலை உண்டு. உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு இந்த ஆண்டு யார் சீன் கட்டினார்கள், எத்தனை பேர், ஆளுக்கு என்ன கூலி, அடிபட்டவர் உண்டா என்று கேட்டு எழுதி, மாவட்ட அலுவலகத்தில் சேருங்கள். அமைச்சரிடம் போகும்போது கையில் கணக்கு இருக்கவேண்டும்.