வீட்டு வாடகையை நிர்ணயிப்பது வங்கி வட்டியா, சந்தையா?

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். களுபோவிலயில் அவருக்கு ஒரு வீடு இருக்கிறது. எட்டுப் பேர்ச் காணி, மூன்று அறை, வாகனம் நிறுத்த இடம். இருந்த குடும்பம் வெளிநாடு போய்விட்டதால் இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது.

"நானா, ரெண்டு லெட்சம் கேட்டா கூடவா?" என்றார்.

"அந்தக் கணக்கு எப்படி வந்தது?" என்று கேட்டேன்.

"இப்ப வித்தா மூணு கோடி வரும். அந்தக் காசை பேங்கில போட்டா எட்டு வீதம் குடுக்கிறான். வருஷத்துக்கு 24 லெட்சம். பன்னிரண்டால பிரிச்சா ரெண்டு லெட்சம்தானே?"

கணக்கில் பிழையில்லை, அளவுகோலில்தான் பிழை. இந்த நண்பர் வங்கி வட்டியைக் கையால் தொடாதவர். வட்டி வேண்டாம் என்று ஒதுங்கி நிற்கும் நம்மவர்கள் பலர், வீட்டுக்கு வாடகை சொல்லும்போது மட்டும் அதே வட்டி வீதத்தை அளவுகோலாக எடுப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே படும்.

அந்த அளவுகோல் எவ்வளவு தூரம் வளையக்கூடியது என்று பாருங்கள். 2022 இன் பிற்பகுதியில் திறைசேரி உண்டியல்களுக்கான வட்டி நூற்றுக்கு 30 வீதத்தைத் தொட்டது. நண்பரின் சூத்திரப்படி அப்போது இதே வீட்டுக்கு மாதம் ஏழரை இலட்சம் ரூபா வாடகை கேட்டிருக்க வேண்டும். யாராவது கொடுத்திருப்பார்களா? பிறகு 2023 நடுப்பகுதியிலிருந்து வட்டி வீதங்கள் இறங்கின. அதைப் பார்த்து எந்த வீட்டுக்காரராவது வாடகையை நான்கில் ஒன்றாகக் குறைத்தாரா? அதுவும் இல்லை. ஆகவே வீட்டு வாடகை வங்கி வட்டியின் பின்னால் போவதில்லை. குடியிருக்க வருபவரின் சம்பளத்தின் பின்னாலும், அந்தப் பகுதியில் எத்தனை வீடு காலியாக இருக்கிறது என்பதன் பின்னாலும்தான் அது போகிறது.

"அப்படியென்றால் மூன்று கோடி சொத்துக்கு எனக்கு நட்டம்தானே?" என்று நண்பர் விடாமல் கேட்டார். இது நியாயமான கேள்வி. வைப்பிலிடும் காசும் வீடும் ஒரே சாமான் அல்ல என்பதுதான் அதற்குப் பதில். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதத்துக்குப் போனது. முந்திய வருடம் வங்கியில் போட்ட ஒரு கோடி, இலக்கத்தில் ஒரு கோடியாகவே இருந்தது. ஆனால் அதைக் கொண்டு வாங்கக்கூடிய சாமானோ வெகுவாகக் குறைந்துவிட்டது. காணி அப்படிக் கரையவில்லை. வட்டி என்று கொடுப்பதில் ஒரு பங்கு, முதல் கரைவதற்கான ஈடு. வீட்டில் முதல் தானாகவே நிற்கிறது, அதனால் மாத வரவு குறைவாக இருக்கிறது.

மூன்று கோடியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, பேர்ச் ஒன்று 25 இலட்சம் என்று வைத்தால் எட்டுப் பேர்ச்சுக்கு இரண்டு கோடி. கட்டடம் ஒரு கோடி. காணி விலை ஏறினால் அந்த ஆதாயம் முழுவதும் சொந்தக்காரருக்கு. குடியிருப்பவருக்கு அதில் ஒரு சதமும் இல்லை. அவர் பாவிப்பது கூரையையும், தண்ணீரையும், பாதையையும், பக்கத்தில் இருக்கும் பாடசாலையையும்தான். காணியின் நாளைய விலைக்காக இன்று அவரிடம் வாடகை கேட்பது, கடைக்கு வரும் வாடிக்கையாளரிடம் நம் களஞ்சியத்தின் விலையையும் சேர்த்துக் கேட்பது போன்றது.

கடையில் நாம் இப்படிச் செய்வதில்லை. ஒரு சாரத்தை என்ன விலைக்கு வாங்கினோம் என்பதை மனதில் வைத்துக்கொள்வோம், ஆனால் பக்கத்துக் கடை என்ன விலைக்கு விற்கிறது என்று பார்த்துத்தான் விலை சொல்வோம். சரக்குத் தேங்கினால் இறங்குவோம். வீடு என்று வந்துவிட்டால் அந்த வியாபாரப் புத்தி எங்கோ போய்விடுகிறது. "என்னுடைய வீடு இவ்வளவுக்குக் குறையாது" என்ற ரோசம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதை மற்றவர்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், நானே சூடுபட்டவன். 2023 இல் தெமட்டகொடையில் உள்ள என் மேல்மாடி வீடு காலியானது. எதிர்வீட்டுக்காரர் தன் வீடு 90 ஆயிரத்துக்குப் போனதாகச் சொன்னார். நான் 85 சொன்னேன். முதல் வாரமே ஓர் ஆசிரியர் குடும்பம் வந்து பார்த்து, 70 என்றால் உடனே வருவதாகச் சொன்னது. நான் அசையவில்லை. ஐந்து மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. கடைசியில் 72 ஆயிரத்துக்குக் கொடுத்தேன். மாதம் 2 ஆயிரம் கூடுதலாகக் கிடைத்தது என்று சந்தோஷப்படலாம். இழந்தது 70 ஆயிரப்படி ஐந்து மாதம், அதாவது மூன்றரை இலட்சம். அதை மாதம் 2 ஆயிரப்படி மீட்டெடுக்க 175 மாதம் வேண்டும். பதினான்கு வருடமும் ஏழு மாதமும்! எதிர்வீட்டுக்காரர் 90 கேட்டாரே தவிர அவருக்குக் கிடைத்தது 74 என்பதை அங்கே குடியிருந்தவரே பின்னர் சொன்னார்.

ஆகவே கேட்கும் வாடகை வேறு, கைமாறும் வாடகை வேறு. பத்திரிகை விளம்பரத்தில் இருப்பது கேட்கும் வாடகை. தரகர் சொல்வதையும் கவனமாகவே எடுக்க வேண்டும். வீட்டுக்காரரைப் பிடிக்கும்வரை கூட்டிச் சொல்வார், ஆளைப் பிடித்த பிறகு குறைக்கச் சொல்வார். உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்துக்குள், கடந்த ஆறு மாதத்தில் வாடகைக்குப் போன நான்கைந்து வீடுகளைக் கண்டுபிடியுங்கள். என்ன கொடுக்கிறீர்கள் என்று குடியிருப்பவரிடம் கேளுங்கள். சந்தியில் உள்ள சில்லறைக் கடைக்காரருக்கும் பள்ளிவாசல் முஅத்தினுக்கும் தெரியாத வீட்டு விவரம் எதுவும் இல்லை. ஒரு பின்னேரம் செலவழித்தால் போதும்.

பிறகு உங்கள் வீட்டை அவற்றோடு ஒப்பிட்டுக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். நம்மவர்கள் டைல்ஸையும் சீலிங்கையும் காட்டி விலை ஏற்றப் பார்க்கிறார்கள். வருகிறவர் பார்ப்பது வேறு. வாகனம் வாசல் வரை வருமா? தண்ணீர் நாள் முழுக்க வருமா? படிக்கட்டு தனியா, வீட்டுக்காரரின் கூடத்தினூடாகவா? மின்சார மீற்றர் தனியா? இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் கணக்கெடுப்பதில்லை. வீட்டுப் பாவனைக்கான மின்கட்டணம் படிமுறையாக ஏறுவது. இரண்டு குடும்பம் ஒரே மீற்றரில் ஓடினால் அலகுகள் கூடி மேல் படிக்குப் போய், இருவருக்கும் கட்டணம் ஏறும். பில் வரும்போதெல்லாம் சண்டையும் வரும். தனி மீற்றர் போட்ட வீட்டுக்குச் சில ஆயிரங்கள் கூடக் கேட்பது நியாயம், அந்த வசதி இல்லாத வீட்டுக்குக் குறைப்பதும் நியாயம். வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் என்றால் வருகிறவரின் முதல் கேள்வியே "2016 மே மாசம் இங்க தண்ணி எவ்வளவு ஏறினது?" என்பதுதான். அந்த வெள்ளக் கோட்டுக்கு மேலே உள்ள மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் வாடகை ஒன்றாக இருக்க முடியாது.

கிழக்கில் இன்னொரு விசேஷம் உண்டு. காத்தான்குடியிலும் கல்முனையிலும் மகளுக்காகக் கட்டிய வீட்டை, அவளுடைய கல்யாணம் கூடிவரும் வரை கூலிக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எந்த நேரமும் எழும்பச் சொல்லக்கூடிய வீடு அது. அந்த நிச்சயமின்மைக்காக வாடகை குறையத்தான் வேண்டும். இரண்டு வருடத்துக்கு உறுதி கொடுக்கும் வீட்டின் வாடகையை அதற்குக் கேட்கக்கூடாது.

சோலைவரிப் பத்திரத்தில் வருடாந்தப் பெறுமதி என்று ஒரு தொகை போட்டிருக்கும். ஒரு வருடத்தில் நியாயமாகக் கிடைக்கக்கூடிய வாடகையே அது என்பதுதான் சட்டத்தின் எண்ணம். ஆனால் மதிப்பீடு பழையதாக இருந்தால் அந்தத் தொகை சந்தையை எட்டாமல் கிடக்கும். வரி கட்ட உதவும், வாடகை பேச உதவாது.

இனி முற்பணம். வீட்டுக்காரர்களைவிட வாடகைக்குப் போகும் வியாபாரிகள்தான் இதைக் கூர்ந்து படிக்க வேண்டும். மாத வாடகை 70 ஆயிரம், இரண்டு வருட ஒப்பந்தம், ஒரு வருட வாடகையான 8 இலட்சத்து 40 ஆயிரம் முற்பணம், மாதம் 35 ஆயிரம் அதில் கழியும், மீதி 35 ஆயிரம் கையில் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்தையும் சராசரியாகப் பார்த்தால் உங்களுடைய 4 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா வீட்டுக்காரரிடம் முடங்கிக் கிடக்கிறது. அந்தக் காசைக் கடையில் வருடத்துக்கு நான்கு தடவை புரட்டி, ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கு 5 மிச்சம் பார்க்கக்கூடியவர் என்றால் வருடத்தில் 84 ஆயிரம் இழக்கிறீர்கள். மாதம் 7 ஆயிரம். ஆகவே உங்கள் உண்மையான வாடகை 70 அல்ல, 77 ஆயிரம். 75 ஆயிரத்துக்கு மூன்று மாத முற்பணத்தோடு ஒரு வீடு கிடைத்தால் அதுதான் மலிவு.

இதையே வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றும் பார்க்கலாம். பெரிய முற்பணம் கேட்பவர் வாடகையில் இறங்க வேண்டும். இரண்டையும் உச்சத்தில் கேட்பவரிடம் வருவது அவசரத்தில் மாட்டிக்கொண்டவர்தான். அவர் அடுத்த வருடமே வேறு வீடு பார்த்துக்கொண்டு போவார். (பெரிய தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையே இல்லாமல் இருக்கும் ஈட்டு முறைபற்றிச் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். அதன் மார்க்க நிலையை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது கணக்கு மட்டுமே.)

வீட்டைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்காது என்ற பயத்தில் பூட்டி வைப்பவர்களும், அந்தப் பயத்துக்கும் சேர்த்து வாடகை கேட்பவர்களும் நம்மிடையே உண்டு. பயம் ஆதாரமில்லாதது என்று சொல்லமாட்டேன். 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் கீழ் பழைய வாடகையிலேயே நிலைத்துவிட்ட கட்டடங்களுக்காக நம் வாப்பாமார் நீதிமன்றப் படி ஏறி இறங்கியதை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் பின்னர் வந்த திருத்தங்கள் புதிய வீடுகள் பலவற்றை அதன் பிடியிலிருந்து எடுத்துவிட்டன. குத்தகை முடிந்த வளவை மீளப் பெறுவதற்கென்றே 2023 இல் தனிச் சட்டம் ஒன்றும் வந்தது. சரியான ஒப்பந்தத்தை நொத்தாரிசு முன் எழுதிக்கொள்ள ஆகும் செலவு, ஒரு மாதம் வீட்டைப் பூட்டி வைப்பதைவிடக் குறைவு. சொந்தக்காரர்தானே, தெரிந்தவர்தானே என்று வாய்ப்பேச்சில் கொடுத்துவிட்டுப் பிறகு முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பவர்கள் எத்தனை பேர்!

நண்பரிடம் திரும்பி வருவோம். அடுத்த நாளே அவர் கடைப் பையன் ஒருவனை அனுப்பிக் களுபோவிலயில் ஐந்து வீடுகளின் வாடகையை எடுத்துவிட்டார். 72 இலிருந்து 88 ஆயிரம் வரை இருந்தது. 88 ஆயிரம் வீட்டில் நான்கு அறை. அவருடையதற்கு 80 சரி என்று இருவரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். வருடத்துக்கு 9 இலட்சத்து 60 ஆயிரம். ஒரு மாத வாடகையைப் பூச்சுக்கும் திருத்தத்துக்கும் ஒதுக்கி, இன்னொரு மாதத்தை வீடு காலியாகக் கிடக்கக்கூடிய காலத்துக்கு ஒதுக்கினால் 8 இலட்சம். வரியும் தரகும் போக ஏழரை. கட்டடத்தின் ஒரு கோடிக்கு அது நூற்றுக்கு ஏழரை வீதம். இரண்டு கோடிக் காணி அவர் பெயரில் அப்படியே இருக்கிறது.

"அப்ப 80 சொல்லி 75க்கு வந்தா குடுக்கவா?" என்றார்.

"யார் வருகிறார் என்று பாருங்கள். மாதம் ஐந்தாம் திகதிக்குள் காசு தந்து, குழாய் ஒழுகினால் தானே திருத்திக்கொள்ளும் குடும்பம் என்றால் 75க்கும் கொடுங்கள். இன்னும் ஒரு மாதம் பூட்டி வைத்தால் போவது 75 ஆயிரம். அந்த ஐயாயிரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் வருவது வருடத்துக்கு 60 ஆயிரம்தான்."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, உறுதி மனைவியின் பெயரில் இருப்பதால் வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டார். மனைவி தனக்குத் தெரிந்த தாதி ஒருவரின் குடும்பத்துக்கு 76 ஆயிரம் என்று ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டாராம். ஆறு மாத முற்பணம். ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும் என்று கேட்டார். இரண்டாம் வருடத்துக்கு நூற்றுக்கு 10 கூடும் என்பதை இப்போதே எழுதச் சொன்னேன். மீற்றர் வாசிப்பையும் திகதியையும் எழுதி இரு தரப்பும் ஒப்பமிடச் சொன்னேன்.