செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போட வாருங்கள்!

தோழர்களே! மிசிசிப்பியின் கறுப்புத் தோழர்களே!

1964 ஜூன் 2 நெருங்கிவிட்டது. ஜனநாயகக் கட்சி தன் செனட் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நாள். இந்த மாநிலத்தில் அதுதான் உண்மையான தேர்தல். நவம்பரில் நடப்பது சடங்கு.

ஒரு பக்கம் ஜான் ஸ்டென்னிஸ். 1947-இல் வென்ற நாற்காலியை இன்றுவரை விடாதவர். எதிரே விக்டோரியா கிரே. ஹாட்டிஸ்பர்க்கை ஒட்டிய பால்மர்ஸ் கிராசிங்கின் மகள். வீடு வீடாகப் போய் அழகுப்பொருள் விற்றவர். ஓட்டுரிமைக்காக நம் பெரியவர்களுக்கு வகுப்பெடுத்தவர். நம் பெண்! நம் வேட்பாளர்!

வாஷிங்டனில் என்ன நடக்கிறது, பாருங்கள். குடிமை உரிமைச் சட்டம் வாக்கெடுப்புக்கே வரக்கூடாது என்று தென்மாநில செனட்டர்கள் முறைவைத்துப் பேசுகிறார்கள். மார்ச்சிலிருந்து பேசுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஸ்டென்னிஸும் இருக்கிறார். யார் பெயரால்? மிசிசிப்பியின் பெயரால்! நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் கறுப்பர்களாக வாழும் மிசிசிப்பியின் பெயரால்! நாம் வாய் திறக்காதவரை அவர் வாய் மூடாது.

வாக்காளராகப் பதியும் வழியில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும். பதிவாளரின் மேசை. 21 கேள்விகள். மாநில அரசியல் சட்டத்தின் 285 பிரிவுகளில் ஒன்றைக் காட்டி, விளக்கு என்பார். சரியா தவறா என்று அவரே சொல்வார். பருத்தி பறிக்கும் பாட்டி எழுதினாலும் தவறு. பட்டம் பெற்ற ஆசிரியர் எழுதினாலும் தவறு. விண்ணப்பித்தவர் பெயர் பத்திரிகையில் வரும். முதலாளி படிப்பார். வேலை போகும். வீடு போகும்.

ஃபேனி லூ ஹேமருக்குப் போனது. பதியப் போன அன்றே, உழைத்து வாழ்ந்த தோட்டத்திலிருந்து துரத்தினார்கள். வினோனா சிறையில் அடித்து நொறுக்கினார்கள். அடங்கினாரா? அதே ஜூன் 2-இல் பிரதிநிதிகள் சபைக்கு அவரும் நிற்கிறார்!

பேசினால் கொல்வார்கள் என்கிறீர்களா? கொன்றார்கள். 1961-இல் ஹெர்பர்ட் லீயை. சென்ற ஜூனில் ஜாக்சனில், வீட்டு வாசலிலேயே, மெட்கர் எவர்ஸை. இந்த ஜனவரியில், லீயின் கொலையைக் கண்ணால் கண்ட லூயிஸ் ஆலனை. சும்மா இருந்தவர்களை விட்டார்களா? அவர்கள் கொன்ற எம்மெட் டில்லுக்கு வயது 14. அவன் எந்த ஓட்டுப் போடப் போனான்?

ஜெயிப்போமா? நூறில் ஏழு பேருக்குக்கூட நம்மில் ஓட்டு இல்லை. கணக்கு தெரிந்தேதான் அழைக்கிறேன். கறுப்பர்களுக்கு ஓட்டில் அக்கறை இல்லை என்று உலகத்திடம் சொல்லி வருகிறார்கள். பொய்! கடந்த நவம்பரில் நாம் நடத்திய மாதிரித் தேர்தலில், தேவாலயங்களிலும் கடைகளிலும் நாமே வைத்த பெட்டிகளில், ஏறக்குறைய 80,000 பேர் ஓட்டுப் போட்டோம். இப்போது அவர்களுடைய சீட்டிலேயே நம் பெண்ணின் பெயர் அச்சாகியிருக்கிறது. நாம் வீட்டில் உட்கார்ந்தால், அந்தப் பொய்க்கு நாமே கையெழுத்துப் போடுகிறோம்.

கோடையில் நமக்குத் துணையாக வடக்கிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள். வரட்டும், கட்டித் தழுவுவோம். ஆனால் ஜூன் 2 அவர்களுக்காகக் காத்திருக்காது. அந்த நாள் நம் தோளில்.

ஓட்டு உள்ளவர்களே, போங்கள்! தனியாகப் போகாதீர்கள், கூட்டமாகப் போங்கள்! ஓட்டு இல்லாதவர்களே, நீதிமன்றப் படியேறுங்கள், பதியக் கேளுங்கள்! மறுத்தால் மறுபடி கேளுங்கள்! ஜனவரி 22-இல் ஹாட்டிஸ்பர்க்கில் மழையில் நனைந்தபடி அந்த வாசலில் நின்றோமே, மீண்டும் நில்லுங்கள்!

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாரும் கலைய வேண்டாம். யார் யாருடன் போவது, யார் வண்டி எடுப்பது, யார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, அங்கேயே பேசி முடியுங்கள். பெயர் கொடுங்கள், தோழர்களே. முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்!