இரண்டு ஸ்ரீதர்

நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஒரு தமிழ் வகுப்புக்கு மாணவர் பதிவேடு ஒன்று எழுதிக் கொடுத்தேன். மேலே பெர்ல் மொழியின் மோஜோலிசியஸ் இணையச் சட்டகம், அடியில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். இரண்டு இரவில் வேலை முடிந்தது. மூன்றாம் வாரம் பார்த்தால் ஒரே பையன் பதிவேட்டில் இரண்டு பேராக இருந்தான். இரண்டு வரியிலும் ஸ்ரீதர் என்றுதான் தெரிந்தது. பெயரும் பிறந்த நாளும் சேர்ந்து மறுமுறை வரக்கூடாது என்று அட்டவணையில் தடை போட்டிருந்தேன். தடையில் பிழை இல்லை. அதன் கணக்கில் அவை இரண்டும் வேறு வேறு பெயர்கள்.

ஒருமுறை ஸகர மெய்யில் தொடங்கும் 'ஸ்ரீ' வந்திருக்கிறது, மறுமுறை ஶகர மெய்யில் தொடங்கும் 'ஶ்ரீ'. ஶகரம் யூனிகோடில் சேர்ந்தது 2005இல், 4.1ஆம் பதிப்பில். அதற்கு முன்பிருந்த பழக்கமும் பின்னால் வந்த முறையும் இன்றைய விசைப்பலகைகளில் அருகருகே வாழ்கின்றன. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாக வரைந்துவிடுவதால் கண் ஏமாறுகிறது.

பெர்லில் தரவுத்தளச் செயலி தொடங்குவோர் என்னிடம் முதலில் கேட்பது, கேட்டலிஸ்டா மோஜோலிசியஸா டான்சரா என்பதைத்தான். முதலிரண்டையும் தொடங்கியவர் ஒருவரே, செபாஸ்டியன் ரீடல். எதை எடுத்தாலும் நல்ல செயலி எழுதலாம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் மோஜோலிசியஸைச் சொல்வேன், நிறுவ வேண்டிய துணைத் தொகுதிகள் குறைவு என்பதால். இந்தத் தேர்வு ஒரு நாள் வேலை. பெயர் எந்த உருவில் உள்ளே வருகிறது என்பதோ செயலி இருக்கும் வரை கூடவே வரும். நம் துறையில் அதற்குக் கொடுக்கும் கவனம் போதவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

எழுத்து பைட்டாகும் முறையில் இந்த மாநிலத்துக்கு ஒரு பங்கு உண்டு. மர்ரே ஹில் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சி உணவகம் ஒன்றில், தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் வரைந்ததுதான் யூடிஎஃப்-8 குறியேற்றம். அதில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட். இந்தக் கணக்கு நினைவில் இருந்தால் பாதிப் பிழைகளை உடனே பிடித்துவிடலாம். 'க' தரவுத்தளத்தில் ஆறு பைட்டாகக் கிடந்தால், யாரோ இருமுறை குறியேற்றியிருக்கிறார்கள். பெரும்பாலும் அது பயத்தில் செய்வது. படிவத்திலிருந்து வருவதை மோஜோலிசியஸ் தானே எழுத்துகளாக்கித் தருகிறது. பெர்லின் தரவுத்தள இடைமுகமான டிபிஐயின் கீழுள்ள போஸ்ட்கிரெஸ் இயக்கி தானே பைட்டாக்கி அனுப்புகிறது. நடுவில் நிற்கும் நிரல் எதையும் தொடக்கூடாது. மைஎஸ்க்யூஎல் என்றால் இணைப்பிலேயே யூடிஎஃப்8எம்பி4 என்று சொல்லியாக வேண்டும். வெறும் யூடிஎஃப்8 என்பது அங்கே மூன்று பைட்டோடு நின்றுவிடும். தமிழுக்கு அது போதுமே என்பார்கள். 2019இல் யூனிகோடுக்கு வந்த முந்திரி, காணி முதலிய பின்னக் குறிகளுக்கு நான்கு பைட் வேண்டும். கல்வெட்டு, ஓலைக் கணக்கு என்று பதிகிறவர்கள் அங்கே தடுக்கி விழுவார்கள்.

பைட் சரியானாலும் பெயர் சரியாகிவிடாது. 'கொ' என்பதை ககரத்தோடு ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். இதை யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கம் ஒன்றாக்கிவிடும். பெர்லில் அதற்கு ஒரு வரி போதும், போஸ்ட்கிரெஸில் 13ஆம் பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. ஆனால் ஸ்ரீயை அது தொடாது. கௌதமின் முதலெழுத்தில் கொம்புக்குப் பின் ளகரத்தைத் தட்டியிருந்தால் அதையும் தொடாது, ஏனென்றால் யூனிகோடின் கணக்கில் அது 'கெள', முறையான வேறு எழுத்துத்தொடர். இவற்றுக்கு நாமே விதி எழுத வேண்டும். ஸ்ரீக்கு அது எளிது, ஏதாவது ஒரு வடிவத்துக்கு மாற்றினால் போதும். ளகரத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு விதி எழுதினால் 'கெளுத்தி' மீனும் அடிபடும். அங்கே பதிகிறவரிடமே கேட்டுவிடுவதுதான் மரியாதை. பழைய வரிகளைத் திருத்தும்போது தட்டச்சிட்ட மூலத்தைத் தனிப் பத்தியில் வைத்திருங்கள். நான் வைக்கவில்லை, இரண்டு பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

வரிசையும் இப்படித்தான். குறியெண்படி அடுக்கினால் ஜெயா, ஞானத்துக்கும் தமிழ்ச்செல்விக்கும் முன்னால் நிற்பாள். ளகரமும் ழகரமும் வகரத்தை முந்தும். புள்ளி வைத்த மெய் அதன் உயிர்மெய்களுக்கெல்லாம் கடைசியில் போகும். ஆத்திசூடி படித்த பிள்ளை அந்தப் பட்டியலில் தன் பெயரைத் தேடித் திணறும். போஸ்ட்கிரெஸில் 10ஆம் பதிப்பு முதல் கிடைக்கும் ஐசியு வரிசையில் தமிழைத் தேர்ந்தால் அகராதி ஒழுங்கு வந்துவிடும். பெர்லிலேயே செய்வதென்றால் யூனிகோட் கொலேட் தொகுதியில் தமிழ் வட்டார விதி தயாராக இருக்கிறது.

அடுத்த இதழ் முதல், தமிழ்ப் பெயரைச் சேமிக்கும் எந்த மாதிரி நிரலையும் மூன்று பெயர்களால் சோதித்த பிறகே அச்சிடுவோம்: ஸ்ரீதர், கௌதம், கோமதி. ஒவ்வொன்றையும் தட்டக்கூடிய எல்லா வகையிலும் உள்ளே அனுப்பி, எத்தனை வரிகள் பதிவாயின என்று கட்டுரையாளர்கள் குறிப்பிட்டு அனுப்ப வேண்டுகிறேன்.