கோழி ஏமாத்தலை, நம்ம கணக்குதான் தப்பு

இன்னைக்கு எங்க வீட்டுக் கோழியைப் பத்தி எழுதப்போறேன். சிரிக்காதீங்க. போன வாரம் எங்க வீட்டில் பெரிய பஞ்சாயத்தே இந்தக் கோழியை வச்சுத்தான். குற்றச்சாட்டு: "எதிர்பார்த்த அளவு முட்டை போடவில்லை." தீர்ப்பு: ஞாயித்துக்கிழமை குழம்பு.

அப்பா தை மாசம் சந்தையில் வாங்கிவந்த நாட்டுக்கோழி அது. வந்த அன்னைக்கே ஒரு நோட்டில் கணக்கு எழுதினார். மாசம் 25 முட்டை, வருஷம் 300. ஒரு முட்டை இவ்வளவு, தீவனச் செலவு ஒன்றுமில்லை, ஆக லாபம் இவ்வளவு. ஐந்து மாசம் ஓடிப்போச்சு. நோட்டுப்படி 125 முட்டை வந்திருக்கணும். வந்தது 27. முதலில் 14, அப்புறம் நீண்ட இடைவெளி, அப்புறம் 13. இப்ப மறுபடியும் கூடையை விட்டு எழுந்திருக்க மாட்டேங்குது. கிட்ட போனால் இறகைச் சிலிர்த்துக்கிட்டு கொத்த வருது.

"தின்னுட்டு சும்மா உக்காந்திருக்கு" என்றார் அப்பா.

எனக்கு அந்த வாக்கியம் உறுத்தியது. ஏன்னு கடைசியில் சொல்றேன். முதலில் அந்த 300 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

அது பண்ணைக்கோழியின் கணக்கு. நாமக்கல் பண்ணைகளில் இருக்கிற வெள்ளைக் கோழிகள் லெகார்ன் என்ற இத்தாலிய இனத்தின் வழி வந்தவை. முட்டைக்காகவே பல தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து உருவாக்கினவை. வருஷத்துக்கு 300க்கு மேலே போடும். ஆனால் சும்மா போடாது. தினமும் 100 கிராமுக்கு மேல் தீவனம், அதில் அளந்து வைத்த புரதமும் சுண்ணாம்புச்சத்தும். ஒரு முட்டையின் ஓட்டுக்கு மட்டும் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். தீவனத்தில் கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும்.

அப்புறம் வெளிச்சம். கண்ணில் படும் வெளிச்சம் மட்டுமல்ல, மண்டை ஓட்டைத் தாண்டி மூளைக்குள் போகிற வெளிச்சமும்தான் முட்டையிடுகிற சுரப்பிகளைத் தூண்டுகிறது. நன்றாக முட்டையிட 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும். நம்ம ஊரில் கோடையில்கூட பகல் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. பண்ணையில் விளக்குப் போட்டு ஈடுகட்டுகிறார்கள். எங்க கோழிக்கு ஆறரை மணிக்கு மேல் இருட்டு.

அதோடு ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும். இன்று காலை 7 மணிக்கு இட்டால் நாளை 8 மணி, மறுநாள் 9 மணி என்று தள்ளிக்கொண்டே போய், மத்தியானம் தாண்டியதும் ஒரு நாள் லீவு விட்டுவிடும். "தினம் ஒரு முட்டை" என்பது சாதாரணமாக ஒரு கோழியால் வருஷம் முழுக்க ஆகாத காரியம்.

சரி, இந்த ஐந்து மாசத்தில் எங்க கோழி என்ன செய்தது? முதல் மாசம் புது இடம், புது ஆட்கள், பழகவே சரியாய்ப்போச்சு. பிறகு மூணு வாரத்தில் 14 முட்டை. உடனே அடைக்கு உட்கார்ந்துவிட்டது. எங்க பக்கத்தில் "அவயத்துக்கு வந்துருச்சு" என்போம். அதுதான் நாட்டுக்கோழியின் குணம். 12, 15 முட்டை சேர்ந்ததும் உடம்பு "போதும், இனி குஞ்சு பொரி" என்று சொல்லிவிடும், முட்டை நின்றுவிடும். பண்ணைக்கோழியிடம் இந்தக் குணத்தை ஏறக்குறைய அழித்துவிட்டார்கள். அதனால்தான் அது நிறுத்தாமல் இடுகிறது.

நாங்கள் என்ன செய்தோம்? ஆளாளுக்கு வைத்தியம். தண்ணித்தொட்டியில் முக்கி எடு, காலைக் கட்டிப் போடு, மூக்கில் இறகைச் செருகு. எல்லாம் செய்தோம். பாவம், நானும்தான் பிடித்துக்கொண்டேன். அது தெளிவதற்குள் சித்திரை வெயில். வெயிலில் கோழி இரை எடுப்பது குறையும், முட்டையும் குறையும். வெயில் தணிந்ததும் 13 முட்டை. இப்ப மறுபடி அவயம்.

கணக்கு போட்டுப் பாருங்கள். முட்டையிட மூணு வாரம், அடைகாக்க 21 நாள், குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிய இரண்டு மூன்று மாசம். ஒரு சுற்றுக்கு நாலைந்து மாசம். வருஷத்துக்கு மூணு சுற்று என்றால் நாற்பது சொச்சம் முட்டை. அடைக்கு விடாமல் தடுத்தால் அறுபது எழுபது தேறலாம். அந்தக் கணக்கில் ஐந்து மாசத்தில் 27 என்பது நல்ல மார்க். ஃபெயில் ஆனது எங்க அப்பாவின் நோட்டு.

நான் பண்ணை முட்டைக்கு எதிரி இல்லை. சத்துணவு முட்டை சாப்பிட்டு வளர்ந்தவன் நான். தமிழ்நாட்டில் 2010ல் வாரத்துக்கு 5 முட்டை என்று ஆனதே, அது நாட்டுக்கோழியை நம்பி நடந்திருக்குமா? நடக்காது. வீட்டிலேயே நிறைய முட்டை வேண்டுமென்றால் கிராமப்பிரியா மாதிரி கொல்லைப்புறத்துக்கென்றே உருவாக்கிய இனங்கள் இருக்கு, அதை வாங்கித் தீவனம் போட்டு வளர்க்கலாம், தப்பில்லை. நான் சொல்வது ஒன்றுதான். கைப்பிடி அரிசி நொய்யும் கரையானும் தின்கிற கோழியிடம், கூண்டில் அளந்து வளர்த்த கோழியின் கணக்கைக் கேட்காதீர்கள். பல கூண்டுகளில் ஒரு கோழிக்கு ஏ4 தாள் அளவு இடம்கூடக் கிடையாது. அந்த 300க்குள் இதுவும் சேர்த்திதான்.

இப்ப ஏன் உறுத்தியது என்று சொல்கிறேன். நாமக்கல் பக்கம் ரெண்டு விஷயத்துக்குப் பேர் போனது, முட்டையும் விடுதிப் பள்ளிகளும். அந்த மாதிரி ஒரு பள்ளியில்தான் பிளஸ் டூ முடித்தேன். காலை ஐந்து மணிக்கு எழுப்பி ராத்திரி பதினோரு மணி வரை டியூப்லைட் வெளிச்சத்தில் உட்கார வைத்தார்கள். ஜனங்களே அதை "பிராய்லர் ஸ்கூல்" என்றுதான் சொல்வார்கள். அப்பா அப்பவும் ஒரு நோட்டு வைத்திருந்தார். ஒரு பக்கம் எதிர்பார்த்த மார்க், மறுபக்கம் வந்த மார்க். ரிசல்ட் வந்த அன்னைக்கு அவர் சொன்னதும் கிட்டத்தட்ட இதே வாக்கியம்தான். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு அந்த 300ஐ யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அம்மாயிதான் பஞ்சாயத்தை முடித்து வைத்தது. "அது முட்டைக்கு உக்காரல கண்ணு, குஞ்சுக்கு உக்காந்திருக்கு. கீழே நாலு முட்டைய வெச்சுப் பாருங்க" என்றது. ஒரு வாரத்து முட்டை 7 வீட்டில் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா 4 கொடுத்தார்கள். 11 முட்டையை வைக்கோல் போட்டு வைத்தோம். ஏழாம் நாள் ராத்திரி செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தால் 9 முட்டையில் சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு ஓடுது. அப்பாவும் குனிந்து பார்த்தார்.

இன்னையோட ஒன்பது நாள். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு. பொரிந்தாலும் காக்கா, பருந்து, கீரி எல்லாத்தையும் தாண்டணும், எத்தனை தேறும் என்று இப்பவே கணக்குப் போட நான் தயாரில்லை.

உங்க வீட்டிலும் "சும்மா உட்கார்ந்திருக்கிற" கோழி ஏதாவது இருந்தால், குழம்புக்கு முன்னாடி ஒரு தடவை கீழே கைவிட்டுப் பாருங்க. கொத்தும், ஜாக்கிரதை.

பி.கு: ஞாயித்துக்கிழமை எங்க வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு.